காப்பு

பாட்டுக்கு முன்னால் காப்புச் செய்யுள் வைப்பது வழக்கம்.
இந்தப் பாட்டுக்கு அது கிடைக்கவில்லை,
வண்டிக்கு வயது இருபத்தொன்று.

அயர்லாந்து, லீட்ரிம் கவுண்டி, ஜனவரி.
மழை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.
ஓனா ஷெரிடன் கடிதத்தை
வண்டிக்குள் உட்கார்ந்துதான் பிரித்தாள்.
'தங்கள் பாலிசியைப் புதுப்பிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.'
வருந்தியவரின் கையெழுத்து
அச்சடித்த நீலத்தில் இருந்தது.

வைப்பர் ஒரு முறை போய்
ஒரு முறை வந்தது.
அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு
வீடு தேடிப் போய் முடி வெட்டுகிறவள்.
பின்சீட்டில் கத்தரிகள், துண்டுகள்,
கழுத்துக்குக் கீழே பிடிக்க ஒரு நீலத் தொட்டி.
அவள் ஊர்ப்பக்கம் பேருந்து செவ்வாயும் வெள்ளியும்.
செவ்வாய் போனால்
வெள்ளி திரும்பலாம்.

'என்ன வண்டி?'
'நிசான் அல்மேரா.'
'எந்த ஆண்டு?'
சொன்னாள்.
மறுமுனையில் தட்டச்சு நின்றது.
'விபத்து ஏதும்?'
'பத்தொன்பது வருஷம் பணம் கட்டியிருக்கிறேன்,
ஒரு ஆணி கேட்டதில்லை.
போன மாதம் சோதனையில் தேறிவிட்டது,
பிரேக், விளக்கு, புகை எல்லாம்.'
'நம்புகிறேன் மேடம்.
ஆனால் ஆண்டை அடித்ததும் கட்டம் சிவப்பாகிவிடுகிறது.'

யாரும் கோபமாகப் பேசவில்லை.
அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கேரிக்கில் இருக்கும் தரகர் ப்ரோனா மெகீவர்
பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டுச் சொன்னாள்:
'மூன்று கம்பெனியின் மாட்டோம் வேண்டும்,
வாயால் இல்லை, தாளில்.
சேர்ந்துவிட்டால்
முதலில் மாட்டோம் என்றவனே விலை சொல்லியாக வேண்டும்.
இங்கே அப்படி ஒரு ஏற்பாடு.'

பெண் பார்க்கப் போய்
வேண்டாம் என்று எழுதி வாங்கி வருகிற கதை.

முதல் மாட்டோம் ஏற்கெனவே கையில்.
இரண்டாவது மின்னஞ்சலில், நாலு நிமிஷத்தில்.
மூன்றாவது இடத்தில் ஒரு பையன், கார்க் பக்கத்துப் பேச்சு,
'பாவம், இருங்கள்,
மேலாளரிடம் கேட்டுப் பார்க்கிறேன்' என்றான்.
காத்திருப்பு இசை.
அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.
இந்த நல்ல பிள்ளை
சம்மதித்துத் தொலைத்து,
எட்டாத ஒரு விலையும் சொல்லிவிட்டால்?
ஒன்பது நிமிஷம்.
'மன்னிக்கணும் மேடம், முடியாதாம்.'
'ரொம்ப நன்றி!' என்று கத்தினாள்.
பையன் தடுமாறியிருக்க வேண்டும்.
'எழுத்தில் தருவீர்கள்தானே?'

இதற்கிடையில் பழைய பாலிசி முடிந்துபோனது.
பதினொரு நாள் வண்டி கொட்டகையில்.
உல்டன் கெர்ருக்கு முடி காதை மூடியிருக்கும்;
பக்கவாதம் வந்த பிறகு
அவர் அலுத்துக்கொள்கிற ஒரே விஷயம் அது.
ஏழு கிலோமீட்டர் நடந்தாள்,
தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு.
குடையைவிட அது தேவலை.
'கார் எங்கே?' என்றார், பாதி வாயால்.
'ஓய்வில் இருக்கிறது.'
'எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.'

விலை வந்தது: ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று.
வண்டியை விற்றால் அறுநூறு தேறும்.
கூடவே ஒரு கடிதம்,
'எங்கள் குடும்பத்துக்குத் தங்களை வரவேற்கிறோம்.'
அதே நீலக் கையெழுத்து.
நான்கு தவணையாகக் கட்டினாள்.

துளைக்கோட்டில் மடித்துக் கிழித்து
கண்ணாடியின் மூலையில் செருகினாள் அந்தத் தாள்துண்டை.
உள்ளங்கையில் அடங்குகிற காப்பு,
பாட்டு முடியப்போகிற நேரத்தில்.

இரண்டாம் நாள் இரவு
டிரம்ஷான்போ தாண்டி ஒரு வளைவில் காவலர் சோதனை.
டார்ச் கண்ணாடியின் மூலையில் விழுந்து
கொஞ்சம் நின்று
பானெட் மேல் ஊர்ந்து திரும்பியது.
'இது இன்னுமா ஓடுகிறது?'

ஓனா கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி,
'மெல்லப் பேசுங்கள்' என்றாள்,
'அதற்குக் காது கேட்கும்.'